வெள்ளை மாடியின் சுல்தான் பீவி

கோட்டுச்சேரிக்குக் கிழக்கே, கடலை நோக்கிப் போகும் வண்டிப்பாதை மணலில் முடிகிற இடத்தில் வெள்ளை மாடி இருந்தது. அதைக் கட்டியவர் பினாங்குக்குப் பாய்க்கப்பல் ஓட்டிய ஒரு மரைக்காயர். தன் கப்பல் வருவதை வீட்டிலிருந்தே பார்க்க வேண்டுமென்று கூடத்துக்கு மேலே ஒற்றை அறை ஒன்றை உயரமாக எழுப்பினார். அவர் காலத்தோடு கப்பல் தொழில் போய்விட்டது. வீடு மட்டும் பேரப்பிள்ளைகள் வரைக்கும் நின்றது.

அந்த மாடி அறையின் கிழக்குச் சுவரை ஊரை விடக் கடலில் இருந்தவர்கள்தான் அதிகம் பார்த்தார்கள். அங்கே ஆறு கடலில் சேரும் வாய் குறுகல். இரண்டு பக்கமும் தண்ணீருக்கடியில் மணல்திட்டு. மீன் பிடித்துத் திரும்பும் தோணிகள் அந்த வெள்ளைச் சுவரையும் அதற்குப் பின்னால் தெரியும் இரட்டைப் பனையையும் ஒரே நேராக வைத்துக்கொண்டு வந்தால்தான் ஆற்றுக்குள் நுழைய முடியும். சற்று விலகினாலும் தோணியின் அடி மணலில் தட்டும். பின்னால் வரும் அலை புரட்டிப் போட்டுவிடும். அதனால் வருஷா வருஷம் மழைக்கு முன்னால் மீனவர் குப்பத்து ஆட்களே சுண்ணாம்பு குழைத்துக்கொண்டு வந்து அந்த ஒரு சுவருக்கு மட்டும் வெள்ளையடித்துவிட்டுப் போவார்கள். மற்ற மூன்று சுவர்களும் பாசி படிந்து கறுத்துக் கிடக்கும்.

சுல்தான் பீவி பதினாறு வயதில் காரைக்கால் டவுனிலிருந்து அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள். கணவன் மீரா சாகிப் சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். கல்யாணமான மூன்றாம் மாதம் கப்பலேறினார். நாலு வருஷம் கழித்து வந்து, ஒரு மழைக்காலம் இருந்துவிட்டு மறுபடி போனார். அவர் போன பிறகு பெண் குழந்தை பிறந்தது. அது மூன்று வயது வரை இருந்து, காய்ச்சலில் போய்விட்டது. தகப்பன் அதன் முகத்தைப் பார்த்ததே இல்லை. பிறகு யுத்தம் வந்தது. கப்பலும் இல்லை, தபாலும் இல்லை. மாமியார் அந்த வருஷங்களில்தான் மவுத்தானார். பெரிய வீட்டில் சுல்தான் பீவியும் ஒரு வேலைக்காரக் கிழவியும் மட்டும் மிஞ்சினார்கள்.

யுத்தம் முடிந்து நாற்பத்தேழில் மீரா சாகிப் ஒரு முறை வந்தார். வந்த நாலாம் நாள், மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, சைகோனில் தனக்கு இன்னொரு குடும்பம் இருப்பதாகச் சொன்னார். அந்தப் பெண் அந்த ஊர்க்காரி, இஸ்லாத்துக்கு வந்துவிட்டாள், யுத்தத்தில் கடை மூடிக் கிடந்தபோது தனக்குச் சோறு போட்டவள் அவள்தான் என்றார். சுல்தான் பீவி ஒன்றுதான் கேட்டாள்.

“நிக்காஹ் ஓதி முடிச்சீங்களா, இல்ல சும்மா வச்சிருக்கீங்களா?”

“பள்ளிவாசல்ல, சாட்சியோட முடிச்சது.”

“அப்ப அவளும் ஒங்க பொண்டாட்டிதான். எங்கிட்ட என்ன கேக்குறீங்க?”

டவுனில் இருந்த தன் தம்பி சேக் அலாவுதீனுக்கு இது தெரிய வேண்டாம் என்று மீரா சாகிப் கேட்டுக்கொண்டார். அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்காக மட்டும் இல்லை. கல்யாண வீடுகளில் மற்றப் பெண்கள் தன்னைப் பார்த்து ‘பாவம்’ என்று உச்சுக் கொட்டுவதை அவளால் தாங்கியிருக்க முடியாது. அடுத்த ஒன்பது வருஷம் அந்தச் செய்தியைத் தனியாகச் சுமந்தாள்.

அந்த வருஷங்களில் அவளுக்கு நெருக்கமாக இருந்தவர்கள் குப்பத்து ஜனங்கள்தான். வெள்ளையடிக்க வருகிறவர்களுக்குத் தலைவன் செல்லையன். நாற்பது வயதுக்காரன், அதிகம் பேசாதவன். அவன் மனைவி அல்லி மீன்கூடையோடு வந்தால் சுல்தான் பீவியிடம் அரை மணி நேரமாவது பேசாமல் போகமாட்டாள்.

ஐம்பத்திரண்டு கார்த்திகையில் பெரும்புயல் அடித்தபோது குப்பம் முழுவதும் அந்த வீட்டுக்குள் வந்துவிட்டது. கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். பிள்ளைகளையெல்லாம் மாடி அறையில் அடைத்தார்கள். வயதாகிப் படுக்கையில் கிடந்த செல்லையனின் தாயைக் கட்டிலோடு தூக்கி வந்திருந்தார்கள். விடிவதற்குள் அவள் உயிர் போய்விட்டது. மூடுவதற்குக்கூட நனையாத துணி யாரிடமும் இல்லை. சுல்தான் பீவி மாடியில் இருந்த தன் பெட்டியைத் திறந்து வெள்ளைத்துணி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அது மாமியார் ஹஜ்ஜுக்குப் போனபோது மருமகளுக்கென்று மக்காவிலிருந்து கொண்டு வந்து கொடுத்த கபன் துணி, அவள் மவுத்தானால் போர்த்துவதற்கென்று வைத்திருந்தது. விஷயம் வெளியில் தெரிந்தபோது சொந்தக்காரர்கள் சிலர் முகம் சுளித்தார்கள்.

ஐம்பத்துநாலில் பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கியது. மேரி என்கிற நகராட்சி ஆபீஸில் எழுத்து மாறப்போகிறது, வரி மாறப்போகிறது என்று டவுனில் ஒரே பேச்சு. அதே சமயம் சைகோனிலிருந்து ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பத் தொடங்கியது. ஐம்பத்தாறு மாசியில், புதுச்சேரியில் கப்பலை விட்டு இறங்கி, ரயிலேறிக் காரைக்கால் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டி பிடித்து மீரா சாகிப் வந்து சேர்ந்தார். ஆள் பாதியாக இருந்தார். இருமல் விடவில்லை. பின்னாலேயே சேலையைச் சரியாகக் கட்டத் தெரியாத ஒரு பெண்ணும், அவள் கையைப் பிடித்துக்கொண்டு எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இறங்கினார்கள்.

ரயிலடிக்கு வந்து அழைத்துப் போன தம்பியிடம் மீரா சாகிப், இவள் என்னோடு சமையலுக்கு இருந்தவள், நோயில் பார்த்துக்கொண்டவள், நாதியில்லாததால் கூட்டி வந்தேன் என்று சொல்லியிருந்தார். சுல்தான் பீவிக்கு அன்று சாயங்காலமே இது தெரிந்துவிட்டது. அவள் கோபித்துக்கொண்டது அந்தப் பொய்க்காகத்தான். இருந்தும் கூடத்தை ஒட்டிய நல்ல அறையை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டுத் தன் படுக்கையை மாடிக்குக் கொண்டு போனாள்.

அந்தப் பெண்ணுக்கு நிக்காஹ்வில் வைத்த பெயர் கமர் நிஷா. சிறுமி அமீர் நிஷா. தாய்க்கு நாலைந்து தமிழ்ச் சொற்கள்தான் தெரியும். மகள் கடையில் வளர்ந்ததால் நன்றாகவே பேசினாள். முதல் சில நாட்கள் சுல்தான் பீவி கமர் நிஷாவைத் தள்ளியிருந்தே பார்த்தாள். நோயாளிக்கு வெந்நீர் வைப்பது, சளித்தட்டைக் கழுவுவது, முதுகைத் தடவிவிடுவது என்று எதையும் முகம் கோணாமல் அவள் செய்தாள். தன் கணவனுக்கு எந்தப் பக்கம் சாய்ந்து படுத்தால் மூச்சு இலகுவாக வரும் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது, தனக்குத் தெரியவில்லை. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆகியும் அவரோடு தான் இருந்ததெல்லாம் சில மாதங்கள்தான் என்பது அப்போதுதான் சுல்தான் பீவிக்கு முழுசாக உறைத்தது. ஒரு மத்தியானம் கிணற்றடியில் வைத்து அவளுக்குச் சேலைக் கொசுவம் மடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். அன்றிலிருந்து கமர் நிஷா அவளை லாத்தா என்று கூப்பிட்டாள். அக்காள் என்று அர்த்தம். மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

தம்பியைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று சுல்தான் பீவி கணவனிடம் பல தடவை சொன்னாள். அவர் ஒவ்வொரு தடவையும் நாளைக்கு என்றார். ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் நேரத்தில் மவுத்தாகிவிட்டார். சொல்லவே இல்லை.

சேக் அலாவுதீன் கெட்ட மனிதர் இல்லை. டவுனில் நெல் மண்டி வைத்திருந்தார். நாலு பெண்களைக் கரையேற்ற வேண்டியிருந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் வந்து, திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, அந்தச் சமையல்காரியையும் பிள்ளையையும் கப்பலேற்றி அனுப்ப ஏற்பாடு செய்கிறேன் என்றார். கணவன் இறந்தபின் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில் இருந்த சுல்தான் பீவி திரைக்குப் பின்னாலிருந்து, அவள் சமையல்காரி இல்லை, உங்கள் அண்ணன் மனைவி, அந்தப் பிள்ளை உங்கள் அண்ணன் மகள் என்று சொன்னாள்.

அவர் நம்பவில்லை. பிறகு நம்பினார். சாட்சி கையெழுத்துப் போட்ட காகிதமெல்லாம் சைகோனில் கடையோடு எரிந்துபோனதென்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். அண்ணன் மனைவியை அவர்கள் பக்கத்தில் மச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

“மச்சி, இது ஒங்களுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். நீங்க வாய தொறக்கலன்னா வூடு நம்மகிட்டயே இருக்கும். ஒங்க காலம் முடியுற வரைக்கும் மாடியில ஒரு கல்ல நான் தொடமாட்டேன். அண்ணன் மேல சத்தியம். அந்தப் புள்ள பங்குக்கு வந்துட்டா வூட்ட வெட்டித்தான் பிரிக்கணும். எம்பங்கு முன்கட்டும் மாடியும். எனக்கு வேற வழி இல்ல, இடிச்சு மரத்துக்கு வித்துருவேன்.”

சுல்தான் பீவி யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினாள். அந்த நாட்களில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மாடி போனால் குப்பத்து ஆட்கள் என்ன செய்வார்கள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவளுக்கென்று இருந்ததும் அந்த வீடு ஒன்றுதான். சும்மா இருந்தால் போதும், பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. கீழே முற்றத்தில் அமீர் நிஷா கோழிக்குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு அவற்றோடு தன் தாய்மொழியில் ஏதோ பேசிக்கொண்டிருப்பாள். செத்துப்போன தன் பெண்ணை நினைத்துக்கொண்டுதான் சுல்தான் பீவி கடைசியில் உண்மையைச் சொன்னாள் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். இருக்கலாம். அவள் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை.

ஜமாத்துப் பெரியவர்கள் பாகம் பிரிப்பது பற்றிப் பேச வீட்டுக்கே வந்தார்கள். கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். மீரா சாகிபுக்கு வாரிசு யார் யார் என்று கேட்டபோது, அலாவுதீன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். திரைக்குப் பின்னாலிருந்து சுல்தான் பீவி பேசினாள்.

“எம்புருஷனுக்கு ரெண்டு பொண்டாட்டி. நானும் கமர் நிஷாவும். அமீர் நிஷா அவங்க மவ. நாப்பத்தேழுல அவங்களே எங்கிட்ட சொன்னாங்க. ஒன்பது வருசமா நாந்தான் மறச்சி வச்சிருந்தேன். குரான் மேல கை வச்சு சொல்றேன்.”

பெரியவர்களில் மூத்தவர், மறுபடி ஒரு தடவை நிதானமாக யோசித்துச் சொல்லும்படி கேட்டார். அவள் அதையே திரும்பச் சொன்னாள். அதற்கு மேல் விசாரிக்க ஒன்றும் இல்லை. பின்கட்டும் கிணறும் பிள்ளைக்கும் இரண்டு மனைவிகளுக்கும் என்றும், முன்கட்டும் மாடியும் தம்பிக்கு என்றும் பிரித்தார்கள்.

செய்தி குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. செல்லையன் இன்னும் நாலு பேரோடு டவுனுக்கே நடந்து போய் அலாவுதீனைப் பார்த்தான். மழைக்காலம் முடிந்து தை பிறக்கிற வரைக்கும் மாடியை விட்டுவைக்கச் சொன்னான். நாகூரிலிருந்து வந்த மர வியாபாரி காத்திருக்கத் தயாராக இல்லை. மூத்த பெண்ணின் கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது. கடைசியில் அலாவுதீன் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார். மரங்களை எடுத்துக்கொள்ளட்டும், கடலைப் பார்த்த சுவரை மட்டும் இடிக்காமல் விட்டுவிடுகிறேன் என்றார். செல்லையன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தான்.

புரட்டாசியில் ஆட்கள் வந்து ஓட்டைப் பிரித்தார்கள். உத்திரங்களைக் கயிறு கட்டி இறக்கினார்கள். கூடத்துத் தூண்கள் ஒவ்வொன்றையும் பெயர்த்து வண்டியில் ஏற்றியபோது சுல்தான் பீவி பின்கட்டிலிருந்து வெளியே வரவில்லை. இத்தா முடியவில்லை என்பது ஒரு காரணம். கமர் நிஷாதான் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழில் பேச வராது. அன்று அடுப்பு மூட்டவில்லை.

சுவர் மட்டும் தனியாக நின்றது. செல்லையன் ஆட்கள் அதற்குக் கடைசியாக ஒரு முறை வெள்ளையடித்தார்கள். ஆனால் மேலே கூரை இல்லை, பக்கத்தில் அணைப்பு இல்லை. ஐப்பசி அடைமழையில் பழைய சுண்ணாம்புக் காரை ஊறிப்போய், ஒரு நாள் காலையில் சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அதே இடத்தில் செல்லையன் உயரமான மூங்கில் ஒன்றை நட்டு, உச்சியில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கொடி போலக் கட்டினான். வெயில் நாளில் அது தெரிந்தது.

அடுத்த வாரம் செல்லையனும் அவன் தம்பியும் கொழுந்தியாள் மகனும் ஒரே தோணியில் போனார்கள். புயல் எதுவும் இல்லை. மத்தியானத்துக்கு மேல் சாதாரண மழைதான் பிடித்தது. முன்னால் கரை சேர்ந்தவர்கள் சொன்னபடி, வேட்டி நனைந்து மூங்கிலோடு ஒட்டிக்கொண்டதில் கடலிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. இரட்டைப் பனையும் மழையில் மறைந்துவிட்டது. இவர்கள் தோணி தெற்கே தள்ளி வந்து மணல்திட்டில் தட்டியது. ஆற்றங்கரையில் நின்றவர்கள் கண் முன்னாலேயே புரண்டது. தம்பி நீந்திக் கரையேறினான். மற்ற இருவரையும் மறுநாள் அலை கொண்டு வந்து போட்டது.

இத்தா முடிந்ததும் சுல்தான் பீவி முதலில் போனது அல்லியின் குடிசைக்குத்தான். கமர் நிஷாவைத் துணைக்கு அழைத்துப் போனாள். அல்லி மூலையில் சுருண்டு கிடந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். குப்பத்துப் பெண்கள் சிலர் சுல்தான் பீவிக்குப் பாய் போட்டார்கள். அவளைக் குறை சொல்லி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அல்லிதான் பேசினாள். குரலில் கோபம் இல்லை.

“பீவியம்மா, நீங்க செஞ்சது நாயம்னு எல்லாரும் சொல்றாங்க. நாயந்தான். இவுங்கள பாத்தாலும் அந்தப் புள்ளைய பாத்தாலும் எனக்கு ஒண்ணும் தோணல. ஒங்கள பாத்தாதான் வயிறு காந்துது. கொஞ்ச நாளைக்கி வராதீங்க.”

“வரமாட்டேன் அல்லி.”

கமர் நிஷா அவள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

அதற்குப் பிறகு அல்லி அந்தப் பக்கம் மீன் கொண்டு வரவில்லை. வேறு யாராவது கொண்டு வந்தார்கள். சுல்தான் பீவி ஒவ்வொரு நாளும் அவளை எதிர்பார்த்தாள் என்பது கமர் நிஷாவுக்குத் தெரியும். ஒரு நாள் கமர் நிஷா தனக்குத் தெரிந்த தமிழில், தன்னால்தான் இவ்வளவும் என்று சொல்லி அழுதாள். சுல்தான் பீவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தாமலே சொன்னாள்:

“மறுபடி கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன். ஆனா அல்லா மறுபடி எங்கிட்ட கேக்க வேணாம்.”

பின்கட்டின் இரண்டு அறைகளில் மூன்று பேரும் இருந்தார்கள். கமர் நிஷா கோழி வளர்த்தாள், துணி தைத்துக் கொடுத்தாள். சுல்தான் பீவி அமீர் நிஷாவுக்கு ஓதக் கற்றுக்கொடுத்தாள். பெண் பள்ளிக்கூடத்துக்கும் போனாள். குப்பத்தார் மூங்கிலை எடுத்துவிட்டு, பஞ்சாயத்துப் பணத்தில் கல் மேடை கட்டி, வெள்ளைப் பலகை அறைந்த உயரமான கம்பம் ஒன்றை நட்டார்கள். அதற்கு நிலம் தேவைப்பட்டபோது அலாவுதீன் கேட்காமலே எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு அந்த ஆற்றுவாயில் தோணி எதுவும் கவிழவில்லை. அதைக் கேட்டபோது சுல்தான் பீவி, சுவர் விழுந்த அன்றைக்கே அதைச் செய்திருக்கலாமே என்று மட்டும் சொன்னாளாம்.

ஐம்பத்தொன்பது பங்குனியில் அவளுக்கு வயிற்றில் கட்டி என்று டவுன் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இரண்டு மாதம் படுத்திருந்தாள். கணவனைப் பார்த்துக்கொண்டது போலவே கமர் நிஷா அவளையும் பார்த்துக்கொண்டாள். கடைசி நாட்களில் ஒரு தடவை அல்லிக்கு ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், அவளாக வரட்டும் என்றாள். வைகாசியில் இறந்தாள்.

உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் வண்டிப்பாதையில் போனபோது, பாதைக்கு அந்தப் பக்கம், தலையில் காலிக் கூடையோடு அல்லி நின்றுகொண்டிருந்தாள். எல்லாரும் கடந்து போன பிறகும் நின்றாள். பிறகு மெதுவாகப் பின்கட்டு வாசல் வரை வந்தாள். உள்ளே வரவில்லை. அம்மாவுக்கு என்ன நோவு என்று கமர் நிஷாவிடம் கேட்டாள். கமர் நிஷா வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். அல்லி தலையாட்டினாள்.

அமீர் நிஷா படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாக யாரும் கவனிக்காமல் அவள் தலைமுடி சிக்குப் பிடித்துக் கிடந்தது. அல்லி கூடையைக் கீழே வைத்தாள். அவளைத் திரும்பி உட்காரச் சொல்லி, விரலாலேயே சிக்கெடுத்து, இரண்டாகப் பிரித்துப் பின்னினாள். நாடாவுக்குத் தன் முந்தானை ஓரத்தைக் கிழித்துக் கட்டினாள். முடித்ததும் கூடையை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தாள்.